முதல் மேட்ச் முடிந்தது: நம் டீமின் ஆஃபன்ஸை எப்படி எடைபோடுவது?

2025 ஆகஸ்ட் 30, சனிக்கிழமை. ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் டெக்ஸாஸ் பல்கலைக்கழக அணி ஒஹாயோ ஸ்டேட் அணியிடம் 14-7 என்று தோற்றது. மேட்ச் முடிந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, அக்கா மகனிடமிருந்து போன். அவன் மேற்படிப்புக்காகக் கொலம்பஸ் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. "மாமா, உங்க டீமைத்தானே நம்பர் ஒன்னுன்னு சொன்னாங்க? ஏழே பாயின்ட்டா? ஆஃபன்ஸ்ல ஒண்ணுமே இல்லையே!" என்றான்.

நான் அந்த டெக்ஸாஸ் பல்கலைக்கழகம் இருக்கும் ஆஸ்டினில் படித்து, டெக்ஸாஸிலேயே வேலையில் அமர்ந்தவன். பதினைந்து வருடமாக இந்த அணியைப் பார்த்து வருகிறேன். அன்றைக்கு அவனிடம் போனில் பேசியது பாதிதான். மீதியையும் சேர்த்து, அமெரிக்காவுக்குப் புதிதாக வந்து இங்குள்ள காலேஜ் ஃபுட்பால் (அமெரிக்கன் ஃபுட்பால்) பார்க்கத் தொடங்கியிருக்கும் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். முதல் மேட்ச் அப்படி ஒரு சோறுதான். ஆனால் அந்தச் சோற்றைப் பானையின் எந்த இடத்திலிருந்து எடுக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஸ்கோரில் தேடினால் பெரும்பாலும் ஏமாந்துபோவோம். ஆஃபன்ஸிவ் லைனில், அதாவது முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் ஐந்து பேரிடம், தேடினால் அவ்வளவாக ஏமாற மாட்டோம்.

விளையாட்டே புதிது என்பவர்களுக்கு

மைதானத்தின் நீளம் 100 யார்டு. பந்து கையில் இருக்கும் அணி ஆஃபன்ஸ், தடுக்கும் அணி டிஃபன்ஸ். ஆஃபன்ஸுக்கு நான்கு முயற்சிகள். ஒவ்வொன்றுக்கும் டவுன் என்று பெயர். நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி புதிதாக நான்கு கிடைக்கும். இதைத்தான் 'முதல் டவுன் எடுத்தது' என்பார்கள். எல்லையைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், 6 பாயின்ட். அதன்பின் உதைத்து இன்னும் 1 சேர்க்கலாம். டச்டவுன் கைகூடாவிட்டால் கம்பத்துக்கு நடுவே உதைத்து ஃபீல்ட் கோல், 3 பாயின்ட். மூன்றாவது டவுனிலும் தேறாவிட்டால் பெரும்பாலும் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணியிடம் விட்டுவிடுவார்கள். அதுதான் பன்ட். ஓர் அணி பந்தைக் கையில் வாங்கியதிலிருந்து விடும்வரை நடப்பதெல்லாம் சேர்ந்து ஒரு டிரைவ். பந்தை முன்னால் எறிந்தால் பாஸ். பெரும்பாலும் எறிபவர் குவாட்டர்பேக், பிடிப்பவர் ரிசீவர், கையில் வாங்கிக்கொண்டு ஓடுபவர் ரன்னிங் பேக். பாஸை எதிரணி பறித்துக்கொண்டால் இன்டர்செப்ஷன். இதைப் படிக்க இவ்வளவு போதும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் சீசனுக்கு முன் பயிற்சி மேட்ச்கள் உண்டு. காலேஜில் கிடையாது. ஆகஸ்ட் மாதம் முழுக்கத் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டிருந்த பையன்கள், ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்தில் வரும் லேபர் டே வாரத்திலோ நேராக லட்சம் பேர் முன்னால் வந்து நிற்கிறார்கள். ஒரு காலேஜிலிருந்து இன்னொன்றுக்கு வீரர்கள் மாற வழிசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு வருடா வருடம் அணியில் பல முகங்கள் புதியவை. பக்கத்தில் நிற்பவன் எப்படி அசைவான் என்பதே சிலருக்கு அன்றைக்குத்தான் தெரியும். முதல் மேட்ச்சில் வரும் தடுமாற்றங்களில் ஒரு பங்கு இதனால் வருவது. அந்தப் பங்கு இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும். சரியாகாத பங்கு எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் நம் வேலை.

முதலில் எதிரணியைப் பாருங்கள்

நம் அணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் எதிரில் நின்றது யார் என்று கேளுங்கள். டெக்ஸாஸ் தோற்ற ஒஹாயோ ஸ்டேட் அதற்கு முந்தைய சீசனின் சாம்பியன். 2025 வழக்கமான சீசனின் 12 மேட்ச்களில் ஓர் அணிகூட அவர்கள்மேல் 16 பாயின்ட்டுக்கு மேல் போடவில்லை. டெக்ஸாஸ் எடுத்த 7 பாயின்ட்டை இதோடு வைத்துப் பார்த்தால் அது வேறு மாதிரி தெரியும். ஆனால் ஆகஸ்ட் 30 இரவில் இது யாருக்கும் தெரியாது. ஆகவே முதல் மேட்ச் பற்றிய கருத்து எதையும் பென்சிலால் எழுதிவையுங்கள். எதிரணி அடுத்தடுத்த வாரங்களில் மற்றவர்களை என்ன செய்கிறது என்று பார்த்துப் பார்த்துத் திருத்த வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. பெரிய அணிகள் பல, சீசனின் தொடக்கத்தில் கீழ்ப்பிரிவான எஃப்.சி.எஸ். அணி ஒன்றை வரவழைத்து ஆடும். நெடுங்காலமாக மேல்பிரிவில் ஓர் அணிக்கு 85 ஸ்காலர்ஷிப், கீழ்ப்பிரிவில் 63 என்றுதான் இருந்தது. ஆள்பலத்திலேயே அவ்வளவு தூரம். ஃப்ளோரிடா ஸ்டேட் 2025-இல் தன் இரண்டாவது மேட்ச்சில் ஈஸ்ட் டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் என்ற எஃப்.சி.எஸ். அணியை 77-3 என்று நொறுக்கியது. அந்த 77-ஐ வைத்து ஆஃபன்ஸைப் பற்றி எதையும் முடிவுசெய்ய முடியாது. அந்த மாதிரி மேட்ச்சில் பார்க்க வேண்டியது வேறு, கீழே சொல்கிறேன்.

நோட்டுப் புத்தகம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்

இதை உண்மையாகவே சொல்கிறேன். போன் வேண்டாம், பேப்பர். ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு வரி. எந்த யார்டில் தொடங்கியது, எங்கே முடிந்தது, எப்படி முடிந்தது. அவ்வளவுதான். மேட்ச் ஓடும்போதே எழுதலாம், கை வலிக்காது. ஒரு மேட்ச்சில் ஓர் அணிக்குப் பத்திலிருந்து பதின்மூன்று டிரைவ்தான் வரும். 2023-இல் கடிகார விதியை மாற்றி, முதல் டவுன் கிடைத்தாலும் கடிகாரம் நிற்காமல் ஓடும்படி செய்தபின் (ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடம் மட்டும் விலக்கு) டிரைவ் இன்னும் குறைந்திருக்கிறது.

மேட்ச் முடிந்ததும் மொத்த பாயின்ட்டை டிரைவ் எண்ணிக்கையால் வகுங்கள். எதிரணியின் பாஸைப் பறித்து நம் டிஃபன்ஸ் போட்ட டச்டவுன் இருந்தால் அதைக் கழித்துவிடுங்கள். அது ஆஃபன்ஸின் சம்பாத்தியம் இல்லை. ஒரு டிரைவுக்கு 2 பாயின்ட்டை ஒட்டி வந்தால் நடுத்தரம். 3-ஐ நெருங்கினால் உயர்ந்த ரகம். மொத்த ஸ்கோரைவிட இந்தக் கணக்கு நேர்மையானது. ஓர் அணி நிதானமாக ஆடி ஒன்பது டிரைவில் 24 எடுத்திருக்கலாம், இன்னொன்று அவசர அவசரமாக ஆடிப் பதினைந்து டிரைவில் 31 எடுத்திருக்கலாம். முதல் அணிதான் தேவலை.

அதே நோட்டில் இன்னொரு குறி வையுங்கள்: எதிரணியின் 40 யார்டு கோட்டைத் தாண்டி ஒரு முதல் டவுன் எடுத்த டிரைவ்களுக்கு ஒரு நட்சத்திரம். அவை வாய்ப்புகள். நட்சத்திரம் நிறைய, பாயின்ட் குறைவு என்றால் அது ஒரு நோய். நட்சத்திரமே இல்லை என்றால் அது வேறு நோய். இரண்டுக்கும் மருந்து ஒன்றில்லை.

கொலம்பஸில் நடந்தது முதல் வகை. டெக்ஸாஸ் அன்று 336 யார்டு எடுத்தது. ஒஹாயோ ஸ்டேட் எடுத்ததே 203-தான். தோற்ற அணிதான் 133 யார்டு அதிகம் போயிருக்கிறது! ஆனால் நான்காவது டவுனில் ஐந்து முறை துணிந்து, ஒரே முறைதான் தேறியது. மூன்றாவது கால்பகுதியில் நடந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. ஸ்கோர் 7-0. நீண்ட டிரைவ் ஒன்று எல்லைக்கு ஒரு யார்டு முன்னால் வந்து நிற்கிறது. நான்காவது டவுன். ஒரு யார்டு என்றால் நம் வீட்டு வாசற்படியின் நீளம்தான். குவாட்டர்பேக் ஆர்ச் மேனிங் பந்தை வாங்கியதும் நடுவிலேயே தலையைக் கொடுத்து நுழைகிறார். இரண்டு பக்கத்து லைனும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிகிறது. குவியலைப் பிரித்துப் பார்த்தால் பந்து கோட்டுக்கு இந்தப் பக்கம். அவ்வளவு நேர உழைப்புக்குப் பலன் பூஜ்யம். யார்டுக் கணக்கில் அது அருமையான டிரைவ். என் நோட்டில் ஒரு நட்சத்திரமும் ஒரு பெருக்கல் குறியும்.

அக்கா மகன் சொன்னது போல 'ஒண்ணுமே இல்லை' என்பது சரியில்லை. நகர முடிந்தது, முடிக்க முடியவில்லை. இதை இப்படிப் பிரித்துச் சொல்ல வந்துவிட்டாலே நீங்கள் பாதி ரசிகர்களைத் தாண்டிவிட்டீர்கள்.

பாக்ஸ் ஸ்கோரில் ஒரு பொறி

மேட்ச் முடிந்ததும் எல்லோரும் பாக்ஸ் ஸ்கோரை, அதாவது மேட்ச்சின் புள்ளிவிவர அட்டவணையை, திறப்பார்கள். புதியவர்கள் எல்லோரும் விழும் பொறி ஒன்று அதில் இருக்கிறது. பாஸ் போடுவதற்கு முன்பே குவாட்டர்பேக்கைப் பிடித்துக் கீழே தள்ளுவதற்கு சாக் என்று பெயர். என்.எஃப்.எல்.லில் அதில் இழந்த யார்டைப் பாஸ் கணக்கில் கழிப்பார்கள். காலேஜிலோ ஓட்டக் கணக்கில் கழிக்கிறார்கள்.

ஓர் உதாரணம். ரன்னிங் பேக்குகள் 25 முறை ஓடி 125 யார்டு எடுத்தார்கள் என்று வையுங்கள். சராசரி 5, நல்ல வேலை. அதே மேட்ச்சில் குவாட்டர்பேக் 4 முறை சாக் ஆகி 30 யார்டு இழந்தார். பாக்ஸ் ஸ்கோரில் என்ன வரும்? 29 ஓட்டம், 95 யார்டு, சராசரி 3.3. அதைப் பார்த்துவிட்டு 'நம்ம டீமால ஓடவே முடியல' என்பீர்கள். உண்மையில் ஓடினார்கள். பாஸ் போடும்போதுதான் குவாட்டர்பேக்கைக் காப்பாற்ற முடியவில்லை. வீட்டில் எரியாத அடுப்பை விட்டுவிட்டு எரியும் அடுப்பை ரிப்பேர் செய்கிற கதை. ஆகவே சாக்குகளை முதலில் எடுத்துவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள். இரண்டு நிமிட வேலை.

இந்தப் படியை விடாதீர்கள்: லைனைப் பாருங்கள்

டி.வி. கேமரா எப்போதும் பந்தோடு போகும். நம் கண்ணும் அதோடு போய்விடும். குவாட்டர்பேக்கும் ரிசீவரும் தெரிவார்கள். அவர்களுக்கு முன்னால் நிற்கும் ஐந்து பேர் மட்டும் தெரிவதே இல்லை. நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். ஒவ்வொருவரும் நூற்று நாற்பது கிலோ பக்கம் இருப்பார்கள். பந்தைத் தொடவே மாட்டார்கள் (சென்டர் மட்டும் தொடங்கி வைப்பார்). ஆனால் ஆஃபன்ஸ் என்பது இவர்கள்தான். நான் இதை மிகைக்குச் சொல்லவில்லை. பதினைந்து சீசன் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மேட்ச்சை மறுநாள் ஒருமுறை போட்டுப் பாருங்கள். முழுதும் வேண்டாம், இருபது ஆட்டம் போதும். பாஸ் ஆட்டமாகத் தேர்ந்தெடுங்கள். பந்து சென்டர் கையை விட்டதும் வாயைத் திறந்தே எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணும்போது கண் இடது டேக்கிள்மேல் மட்டும் இருக்கட்டும். குவாட்டர்பேக் வலது கைக்காரர் என்றால் இடது பக்கம் அவருக்கு முதுகுப் பக்கம். அங்கிருந்து வருபவனை அவர் பார்க்க மாட்டார். 'மூன்று' சொல்லும்போது டேக்கிள் இன்னும் எதிராளிக்கு முன்னால் நின்றால் நல்லது. தோளைத் திருப்பிக்கொண்டு பக்கவாட்டில் துரத்திக்கொண்டிருந்தால் அந்த ஆட்டம் தோல்வி, பாஸ் போய்ச் சேர்ந்திருந்தாலும் சரி. அடுத்த இருபது ஆட்டத்துக்கு நடுவில் இருக்கும் மூவரைப் பாருங்கள். அங்கே ஓட்டையானால் குவாட்டர்பேக்கால் முன்னால் அடியெடுத்து வைக்க முடியாது. முன்காலை ஊன்றாமல் போடும் பாஸ் தரையை நோக்கித்தான் போகும்.

2025 டெக்ஸாஸ் அணிக்கு இதைப் பார்க்க வேண்டிய அவசியம் கூடுதல். முந்தைய வருடம் முதல் வரிசையில் ஆடிய ஐந்து லைன்மேன்களில் நான்கு பேர் போய்விட்டார்கள். இடது டேக்கிள் கெல்வின் பேங்க்ஸை, காலேஜ் வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் என்.எஃப்.எல். டிராஃப்டில் ஒன்பதாவது ஆளாக நியூ ஆர்லியன்ஸ் எடுத்துக்கொண்டது. அவ்வளவு உயர்ந்த ஆளின் இடத்தில் இன்னொருவர் வந்து நிற்கிறார் என்றால் முதல் மேட்ச்சில் உங்கள் கண் வேறெங்கும் போகக் கூடாது.

லைனைப் பார்க்காமல் விட்டதற்கு நாடே சாட்சியாக இருந்த ஒரு கதை உண்டு. 2023 செப்டம்பர் 2. டியான் சாண்டர்ஸ் கொலராடோ அணியின் கோச்சாக முதல் மேட்ச். எதிரில் டி.சி.யு. (டெக்ஸாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்); அதற்கு முந்தைய சீசனில் சாம்பியன்ஷிப் மேட்ச்வரை போன அணி. கொலராடோ 45-42 என்று ஜெயித்தது. குவாட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ் 510 யார்டு பாஸ், நான்கு டச்டவுன். அந்த வாரம் முழுக்க டி.வி.யில் அதே பேச்சு. ஆனால் அதே பாக்ஸ் ஸ்கோரில் இன்னொரு வரியும் இருந்தது: ஓட்டம் 55 யார்டு. மொத்தம் 565 யார்டில் 55! சாக்குகளைக் கழித்துச் சேர்த்துப் பார்த்தாலும் ஓட்டத்துக்கு வழி திறக்கவில்லை என்பது அதில் எழுதியிருந்தது. மூன்று வாரம் கழித்து ஆரிகன் அணி 42-6 என்று சுருட்டியது. சீசன் முடிவதற்குள் கொலராடோ குவாட்டர்பேக்குகள் 50 முறைக்கு மேல் சாக் ஆனார்கள். கடைசிக் கணக்கு 4 வெற்றி, 8 தோல்வி. டி.சி.யு.வும் 5-7 என்றுதான் முடித்தது. முதல் நாள் எதிரணியை எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே மதித்துவிட்டோம்.

அலபாமாவின் கதையும் இதே பாடம்தான், ஆனால் தலைகீழாக. 2025 ஆகஸ்ட் 30 அன்றே அவர்கள் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் 31-17 என்று தோற்றார்கள். முந்தைய வருடம் 2-10 என்று கிடந்த அணியிடம்! அலபாமா முடிந்தது என்றார்கள். பிறகு அவர்கள் வரிசையாக எட்டு மேட்ச் ஜெயித்தார்கள். ஜெயித்த ஃப்ளோரிடா ஸ்டேட்டோ அந்த சீசனை 5-7 என்று முடித்தது. ஸ்கோர் இரண்டு அணிகளைப் பற்றியும் தப்பாகச் சொல்லியிருந்தது. ஆனால் முதல் நாள் பாக்ஸ் ஸ்கோரில் அலபாமாவின் ஓட்டம் 87 யார்டு என்றிருந்தது. அந்த வரி பொய் சொல்லவில்லை. டிசம்பரில் ஜார்ஜியாவோடு நடந்த எஸ்.இ.சி. (அவர்கள் ஆடும் தென்கிழக்குப் பிரிவு) சாம்பியன்ஷிப்பில் அலபாமாவின் மொத்த ஓட்டக் கணக்கு மைனஸ் 3 யார்டு. சாக்குகள் அதில் சேர்ந்திருக்கின்றன என்பது உண்மை. என்றாலும் ஆகஸ்டில் தெரிந்த அதே பலவீனம்தான் அது.

ஒவ்வொரு டவுனும் தேறியதா?

கொஞ்சம் பொறுமை உள்ளவர்களுக்கு இது. யார்டுகளைக் கூட்டுவதைவிட, ஒவ்வொரு ஆட்டமும் அதன் வேலையைச் செய்ததா என்று கேட்பது மேல். காலேஜ் ஃபுட்பாலில் பரவலாக உள்ள அளவுகோல் இது: முதல் டவுனில் தேவையான தூரத்தில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றிலும் நான்கிலும் முழுத் தூரம். அந்த அளவு கிடைத்தால் டிக், இல்லாவிட்டால் இல்லை. பத்து யார்டு தேவைப்படும் முதல் டவுனில் 5 எடுத்தால் டிக். 4 எடுத்தால் இல்லை. மூன்றாவது டவுனில் 8 தேவைப்படும்போது 7 எடுத்தால் கூட்டம் கைதட்டினாலும் டிக் இல்லை. கடைசியில் எத்தனைக்கு எத்தனை டிக் என்று பாருங்கள். 40 சதவீதத்துக்குச் சற்று மேல் என்றால் சராசரி. 50-ஐ நெருங்கினால் அந்த ஆஃபன்ஸை நிறுத்துவது கஷ்டம்.

இதன் நன்மை என்ன? ஒரே ஒரு 75 யார்டு பாஸ் மொத்தக் கணக்கையும் அழகாக்கிவிடும். டிக் கணக்கில் அது ஒரே ஒரு டிக். பெரிய ஆட்டங்களைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள் (20 யார்டுக்கு மேற்பட்ட பாஸ், 10 யார்டுக்கு மேற்பட்ட ஓட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்). அவை தேவைதான், ஆனால் வாரத்துக்கு வாரம் கூடும் குறையும். டிக் சதவீதம் அப்படித் தாவாது.

முக்கியமான எச்சரிக்கை: நான்காவது கால்பகுதியில் 35 பாயின்ட் வித்தியாசம் இருக்கும்போது நடந்ததைச் சேர்க்காதீர்கள். அங்கே ஆடுவது இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசைப் பையன்கள்.

குவாட்டர்பேக்கைக் கடைசியில் பாருங்கள்

எல்லோரும் முதலில் பேசுவது குவாட்டர்பேக்கைப் பற்றி. வேண்டுமென்றே இதைப் பின்னால் வைத்தேன். லைனைப் பார்த்த பிறகுதான் குவாட்டர்பேக்கைப் பற்றி நியாயமாகப் பேச முடியும்.

ஆர்ச் மேனிங்கை எடுத்துக்கொள்வோம். தாத்தா ஆர்ச்சி, சித்தப்பாக்கள் பெய்டன், ஈலை என்று குடும்பமே குவாட்டர்பேக்குகள். டெக்ஸாஸ் வரலாற்றிலேயே முதல்முறையாக ஏ.பி. செய்தி நிறுவனத்தின் தரவரிசைப் பட்டியலில் சீசனுக்கு முன் முதலிடம். அதற்கு முன் அவர் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது இரண்டே மேட்ச், இரண்டும் ஆஸ்டினில். இப்போது கொலம்பஸில் ஒரு லட்சம் பேர் கத்தலுக்கு நடுவில் 30-க்கு 17 பாஸ், 170 யார்டு, ஒரு டச்டவுன், ஒரு இன்டர்செப்ஷன். அவ்வளவு எதிர்பார்ப்புக்கு முன் எந்த எண்ணும் சின்னதாகத்தான் தெரியும்.

இந்த மாதிரி எண்ணைப் பார்த்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். தவறிய பாஸ்களில் எத்தனை, காப்பு நன்றாக இருந்தும் தவறியவை? எத்தனை, ஆள் மேலே விழும்போது போட்டவை? எத்தனை, ரிசீவர் கையில் பட்டு நழுவியவை? முதல் வகைதான் குவாட்டர்பேக்கின் கணக்கு. அன்றைக்கு மேனிங்குக்கு முதல் வகையிலும் சில இருந்தன. கையைப் பக்கவாட்டில் கொண்டுவந்து போட்டுப் பந்து ரிசீவரின் காலடியில் போய் விழுந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கடைசிக் கால்பகுதியில் மூன்றரை நிமிடம் மிச்சம் இருக்கும்போது பார்க்கர் லிவிங்ஸ்டனுக்கு 32 யார்டு டச்டவுன் போட்டார். அந்தக் கைக்கு அது முடியும் என்பதும் அதே மேட்ச்சில்தான் தெரிந்தது. இரண்டையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இருபது இருபத்தொரு வயதுப் பையனைப் பற்றி ஒரே இரவில் தீர்ப்பு எழுதுவது எனக்குப் பிடிப்பதில்லை. விளையாட்டறிவின் பக்கம் நின்று பார்த்தாலும் அது தப்பு.

எதிரணி பலவீனமென்றால் திட்டத்தைப் பாருங்கள்

மேலே சொன்ன 77-3 மாதிரி மேட்ச்சில் யார்டும் பாயின்ட்டும் பயன்படாது. ஆனால் கோச் என்ன செய்ய நினைக்கிறார் என்பது எதிரில் யார் நின்றாலும் தெரியும். 2019-இல் எல்.எஸ்.யு. (லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) தன் முதல் மேட்ச்சில் ஜார்ஜியா சதர்ன் அணியை 55-3 என்று வென்றது. ஜெயித்ததில் ஆச்சரியம் இல்லை. காலகாலமாக ஓடியே ஆடிப் பழகிய அணி, ரிசீவர்களை மைதானம் முழுக்கப் பரப்பி நிறுத்தி, கூடிப் பேசாமல் வேகவேகமாக ஆடியது. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற என்.எஃப்.எல். அணியிலிருந்து அந்த வருடம் வந்த உதவி கோச் ஜோ பிரேடியின் கைவண்ணம் அது. குவாட்டர்பேக் ஜோ பரோ முதல் பாதியிலேயே ஐந்து டச்டவுன் பாஸ். முந்தைய சீசன் முழுக்க அவர் போட்டதே 16-தான். அடுத்த வாரம் டெக்ஸாஸுக்கு வந்து 45-38 என்று எங்களை ஜெயித்துவிட்டுப் போனார்கள். அன்று நான் ஸ்டேடியத்தில்தான் இருந்தேன். முதல் வாரம் அவர்கள் ஆடியதை 'சின்ன டீம்கிட்டதானே' என்று பார்க்காமல் விட்டதற்கு ரொம்ப வருத்தப்பட்டேன். அவர்கள் 15-0 என்று சாம்பியன் ஆனார்கள். பரோ 60 டச்டவுன் பாஸ் போட்டிருந்தார்.

ஆகவே சின்ன அணியோடு ஆடும் மேட்ச்சில் இவற்றைப் பாருங்கள்: எத்தனை ரிசீவர்களை நிறுத்துகிறார்கள், வேகம் கூடியிருக்கிறதா, முதல் டவுனில் பாஸ் போடத் துணிகிறார்களா, போன வருடம் பார்க்காத எது இந்த வருடம் இருக்கிறது.

பெனால்டியும் ஃபம்பிளும்

இது சீக்கிரம் முடியும். கையிலிருந்து பந்து நழுவினால் ஃபம்பிள். அப்படிக் கீழே விழுந்த பந்தை யார் எடுப்பார் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். ஏறக்குறைய பாதிக்குப் பாதி. எத்தனை தடவை நழுவவிட்டார்கள் என்பதை எழுதுங்கள், எத்தனை தடவை எதிரணி எடுத்தது என்பதை எழுத வேண்டாம். பந்து நகர்வதற்கு முன்பே அசைந்து வாங்கும் 5 யார்டு பெனால்டிகள் முதல் மேட்ச்சில், அதுவும் வெளியூரில், சகஜம். மூன்றாவது வாரமும் தொடர்ந்தால் கவலைப்படலாம்.

கேள்விகளாக எழுதிவையுங்கள்

எல்லாம் பார்த்த பிறகு தீர்ப்பு எழுதாதீர்கள். நான்கைந்து கேள்வி எழுதுங்கள். ஐந்தாவது மேட்ச் முடிந்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து பதில் எழுதுங்கள். அதற்குள் பலமான அணி ஒன்று, பலவீனமான அணி ஒன்று, வெளியூர் மேட்ச் ஒன்று என்று எல்லாம் வந்திருக்கும்.

2025 ஆகஸ்டில் என் நோட்டில் இருந்தவை மூன்று. எல்லைக்குப் பக்கத்தில் போய் ஏன் நிற்கிறோம்? புது லைன் பலமான டிஃபன்ஸுக்கு முன்னால் தாக்குப்பிடிக்குமா? மேனிங்கின் கால் எப்போது நிதானப்படும்?

இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் பதில் வந்தது. அக்டோபர் 4, கெய்ன்ஸ்வில், ஐந்தாவது மேட்ச். ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணியிடம் (மேலே வந்த ஃப்ளோரிடா ஸ்டேட் இல்லை) 29-21 தோல்வி. மேனிங் ஆறு முறை சாக் ஆனார். ரன்னிங் பேக்குகளுக்கு வழியே திறக்கவில்லை. அணியிலேயே அதிகம் ஓடியவர் மேனிங்தான். மூன்றாவது கேள்விக்கு நவம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 22-ஆம் தேதி ஆர்கன்ஸா மேட்ச்சில் அவர் 389 யார்டு போட்டார், டெக்ஸாஸ் 52-37 என்று வென்றது. அன்று இரவு அக்கா மகன் மறுபடி போன் செய்தான். இந்தத் தடவை ஸ்கோரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மாமா, லெஃப்ட் டேக்கிள் மூணு எண்ணுற வரைக்கும் நின்னான், பார்த்தீங்களா?" என்றான்.